பத்துப் பெண்கள், ஒரு பெயர்: சுப்ரீம்ஸ் குழு பற்றிய நிகழ்வு ஆய்வு

1970 ஜனவரி 14, லாஸ் வேகாஸ், ஃபிரான்டியர் ஹோட்டல். சுப்ரீம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் பாட்டுக் குழுவோடு அதன் முதன்மைப் பாடகி டயானா ராஸ் பாடிய கடைசிக் கச்சேரி அன்றுதான் நடந்தது. அவர் இடத்துக்கு வரப்போகும் ஜீன் டெரலை அதே மேடையில் ஏற்றி அறிமுகப்படுத்தினார்கள். கூட்டம் கலைந்த கொஞ்ச நேரத்தில் குழுவின் பாட்டுகளை வெளியிட்ட மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவர் பெர்ரி கோர்டி, குழுவில் எஞ்சியிருந்த மூத்த உறுப்பினர் மேரி வில்சனிடம் போனில் பேசினார். ஜீன் வேண்டாம், சிரீட்டா ரைட் என்ற பாடகியைச் சேர்க்கலாம் என்றார். மேரி ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் இந்தக் குழுவை நான் கைகழுவுகிறேன் என்று சொல்லி கோர்டி போனை வைத்துவிட்டார். மேரி பின்னாளில் சொன்ன விவரம் இது.

கோர்டியால் அப்படிப் பேச முடிந்ததற்குக் காரணம், ‘சுப்ரீம்ஸ்’ என்ற பெயர் மோட்டவுனுக்குச் சொந்தம். பள்ளிப் படிப்பு முடிவதற்கு முன்பே அந்தப் பெண்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அந்த உரிமை நிறுவனத்துக்குப் போய்விட்டது. இந்தக் குழுவைப் பற்றி எழுதுபவர்களில் பலர் டயானாவுக்கும் தொடக்க உறுப்பினரான ஃப்ளாரன்ஸ் பாலார்டுக்கும் நடந்த மனக்கசப்பிலேயே நின்றுவிடுகிறார்கள். உள்ளே வந்தவர்களையும் வெளியே போனவர்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு. பெரிய திருப்பங்களிலெல்லாம் முடிவைத் தீர்மானித்தது, யார் நன்றாகப் பாடினார் என்பதைவிட, பெயர் யார் கையில் இருந்தது என்பதுதான். 1970-க்குப் பிந்தைய சுப்ரீம்ஸ் இன்றுவரை ‘டயானா போன பிறகு மிச்சமிருந்தது’ என்று ஒதுக்கப்படுவதும் அங்கிருந்து வந்ததே.

பெயர் வந்த கதை

டெட்ராய்ட் நகரின் பிரூஸ்டர்–டக்ளஸ் அரசுக் குடியிருப்பில் கறுப்பின உழைப்பாளிக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1959-இல் மில்டன் ஜென்கின்ஸ் என்பவர் ‘பிரைம்ஸ்’ என்ற ஆண்கள் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அதற்குத் தங்கைக் குழுவாகப் பெண்கள் குழு ஒன்று வேண்டும் என்று நினைத்தார். முதலில் கிடைத்தவர் ஃப்ளாரன்ஸ். அவர் தன் தோழி மேரியை அழைத்துவந்தார். அப்புறம் டயானாவும் பெட்டி மெக்லோனும் சேர்ந்தார்கள். குழுவுக்கு ‘பிரைமெட்ஸ்’ என்று பெயர். அண்ணன் குழுவில் இருந்த எடி கெண்ட்ரிக்ஸும் பால் வில்லியம்ஸும் பின்னால் டெம்டேஷன்ஸ் குழுவின் தூண்கள் ஆனார்கள். கடைசியில் இந்த உறவுக்கு மறுபடி வர வேண்டியிருக்கிறது.

1960-இல் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கனடாவின் வின்சர் நகரில் ஒரு பாட்டுப் போட்டியில் ஜெயித்தார்கள். டயானாவின் பழைய அண்டைவீட்டுக்காரரும் மோட்டவுனின் மிராக்கிள்ஸ் குழுப் பாடகருமான ஸ்மோக்கி ராபின்சன் மூலம் மோட்டவுனில் பாடிக்காட்டும் வாய்ப்பு கிடைத்தது. அதற்குப் பதிலாக இவர்களுடைய கிதார்க் கலைஞர் மார்வ் டார்ப்ளினை ஸ்மோக்கி தன் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். கோர்டி கேட்டுவிட்டு, முதலில் பள்ளியை முடியுங்கள் என்று அனுப்பிவிட்டார். பெண்கள் விடவில்லை. தினமும் பள்ளி விட்டதும் வெஸ்ட் கிராண்ட் புலிவார்டில் இருந்த அந்த ஸ்டுடியோவுக்குப் போய் உட்கார்ந்தார்கள். யாருடைய பதிவுக்காவது கைதட்டல் வேண்டுமென்றால் தட்டினார்கள், கோரஸ் வேண்டுமென்றால் பாடினார்கள். இதற்கிடையில் பெட்டி கல்யாணம் செய்துகொண்டு விலகினார். பார்பரா மார்ட்டின் வந்தார்.

அதே 1960-இல் ஃப்ளாரன்ஸ் பாலியல் வன்முறைக்கு ஆளானார். பல வாரங்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு குழுவுக்குத் திரும்பினார். பின்னாளில் அவரை ‘ஒத்துழைக்காதவர்’, ‘மனநிலை மாறிக்கொண்டே இருப்பவர்’ என்று எழுதியவர்கள் இதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

1961 ஜனவரியில் ஒப்பந்தம் வந்தது, பெயர் மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. மோட்டவுனில் பாடலாசிரியராக இருந்த ஜேனி பிராட்ஃபோர்டு சில பெயர்களைத் தொகுத்துக் கொடுத்தார். அதிலிருந்து ‘சுப்ரீம்ஸ்’ என்பதை எடுத்தவர் ஃப்ளாரன்ஸ். டயானாவுக்கும் மேரிக்கும் அது பிடிக்கவில்லை. ஆண்கள் குழுவின் பெயர் மாதிரி இருக்கிறது என்று டயானா வருத்தப்பட்டார். ஆனாலும் அதுவே நிலைத்தது. பார்பரா 1962-இல் குடும்பத்துக்காக விலகியபோது புது ஆள் எடுக்கவில்லை. மூவராகவே தொடர்ந்தார்கள்.

மூவர் குரல்

தொடக்கத்தில் முதன்மைக் குரல் இன்னார்தான் என்று இல்லை. 1961-இல் வந்த ஒரு சிங்கிளில் (தனிப்பாட்டாக வெளியிடும் இசைத்தட்டு) ஃப்ளாரன்ஸ்தான் முன்னால் பாடினார். அவர் குரல் கனமானது, தேவாலயத்தில் வளர்ந்த குரல்; பதிவின்போது அவரை மைக்கிலிருந்து தள்ளி நிற்கச் சொல்வார்களாம். மேரியின் குரல் இளம்புகை படிந்தது போல மென்மையானது. டயானாவுடையது மூக்கொலி கலந்த, மெல்லிய, கூர்மையான குரல். அந்தக் காலத்துச் சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவிலும் கார் ரேடியோவிலும் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கேட்கக்கூடியது. 1963 முடியும்போது கோர்டி டயானாவை நிரந்தர முதன்மைக் குரலாக்கினார். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அது சரியான முடிவு என்பதை மறுக்க முடியாது.

மோட்டவுன் அலுவலகத்தில் அதுவரை இவர்களுக்கு ‘ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்’ என்ற கேலிப்பெயர் உண்டு. 1964-இல் பாடலாசிரியர்–தயாரிப்பாளர் கூட்டணியான ஹாலண்ட்–டோசியர்–ஹாலண்ட் ‘வேர் டிட் அவர் லவ் கோ’ பாட்டைக் கொண்டுவந்தார்கள். மோட்டவுனின் இன்னொரு பெண்கள் குழுவான மார்வெலெட்ஸ் வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டு அது. இவர்களுக்கும் பிடிக்கவில்லை. எடி ஹாலண்ட் முதலில் மேரியைத்தான் முதன்மைக் குரலாக நினைத்தார். பிறகு டயானா பாடுவது என்று முடிவானது, வழக்கத்தைவிடக் கீழ்ச் சுருதியில். கோரஸுக்கு எழுதியிருந்த சிக்கலான அடுக்குகளை, ஸ்டுடியோவில் எல்லோருடைய முகமும் இறுகியிருந்ததால், லாமாண்ட் டோசியர் சுருக்கி வெறும் ‘பேபி, பேபி’ ஆக்கிவிட்டார். தாளத்துக்குப் பலகையைக் காலால் மிதித்து ஒலி எழுப்பினார்கள். அன்றைய எரிச்சலும் சுருக்கமுமே அந்தப் பாட்டின் அழகாகிவிட்டது. டயானா கெஞ்சவில்லை, கிட்டத்தட்ட சலிப்போடு கேட்கிறார். பின்னால் இரண்டு குரல்கள் மாறாமல் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

அந்தக் கோடையில் டிக் கிளார்க்கின் ஊர் ஊராகப் போகும் இசைநிகழ்ச்சியில் சுப்ரீம்ஸ் பெயர் விளம்பரத்தின் அடியில் இருந்தது. பயணம் முடிவதற்குள் பாட்டு முதலிடம் போய், பெயரும் மேலே ஏறிவிட்டது. தொடர்ந்து ஐந்து சிங்கிள்கள் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம். மொத்தம் 12 முதலிடங்கள். 1966-இல் ‘சுப்ரீம்ஸ் ஏ கோ-கோ’, முழுக்கப் பெண்களே உள்ள ஒரு குழுவின் ஆல்பம் பில்போர்டில் முதலிடம் பிடித்த முதல் நிகழ்வு ஆனது. எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சி, நியூயார்க்கின் கோப்பகபானா கிளப் என்று வெள்ளை நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைகளுக்குள் மூன்று கறுப்பினப் பெண்கள் நுழைந்தார்கள். சோலி அட்கின்ஸ் நடன அசைவுகளைச் சொல்லிக்கொடுத்தார், மாக்சின் பவல் நடையுடை பாவனையை. அந்த உழைப்பை ‘வெள்ளையருக்காகச் செய்த பாலிஷ்’ என்று தள்ளுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குடிசைமாற்றுக் குடியிருப்பில் வளர்ந்த பெண்கள் மாளிகைக்குரிய கம்பீரத்தோடு நின்றதை டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்த கறுப்பினக் குழந்தைகளுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

1967: முதல் பிளவு

வெற்றி பெருகப் பெருக மேடை சுருங்கியது. கோப்பகபானாவில் ஃப்ளாரன்ஸ் தனியாகப் பாட ஒரு பாட்டு இருந்தது; பிறகு அதுவும் டயானாவுக்குப் போனது. ஃப்ளாரன்ஸ் குடிக்கத் தொடங்கினார், எடை கூடியது, சில நிகழ்ச்சிகளுக்கு வரவில்லை. ஆண்டன்டிஸ் என்ற மோட்டவுன் ஸ்டுடியோ கோரஸ் குழுவைச் சேர்ந்த மார்லின் பேரோ சில மேடைகளில் அவருக்குப் பதிலாக நின்றார்.

1967 ஏப்ரலில் ஹாலிவுட் பவுல் அரங்கில் ஒரு நிதி திரட்டும் கச்சேரி. அதில் ஃப்ளாரன்ஸின் இடத்தில் சிண்டி பேர்ட்சாங் நின்றார். அவர் பாட்டி லாபெல் அண்ட் தி புளூபெல்ஸ் குழுவில் இருந்தவர். தோற்றத்தில் ஃப்ளாரன்ஸை ஓரளவு ஒத்திருந்தவர். தேர்வுக்கு அந்த ஒற்றுமையும் ஒரு காரணம். தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆள் மாறியதே தெரியக் கூடாது என்பதுதான் திட்டம். ஆனால் சிண்டிக்குப் பழைய குழுவோடு ஒப்பந்தச் சிக்கல் இருந்தது. அது தீரும்வரை ஃப்ளாரன்ஸைத் திரும்ப அழைத்து மேடையேற்றினார்கள். தனக்குப் பதில் ஆள் எடுத்தாயிற்று என்று தெரிந்துகொண்டே அவர் சில வாரங்கள் பாடினார். ஜூலைத் தொடக்கத்தில் லாஸ் வேகாஸ் ஃபிளமிங்கோ ஹோட்டல் நிகழ்ச்சிகளின் நடுவிலேயே அவரை டெட்ராய்ட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நாட்களிலேயே பெயரும் ‘டயானா ராஸ் அண்ட் தி சுப்ரீம்ஸ்’ ஆனது. அதே சமயத்தில் மிராக்கிள்ஸ் குழுவின் பெயர் ‘ஸ்மோக்கி ராபின்சன் அண்ட் தி மிராக்கிள்ஸ்’ ஆனதையும் சொல்ல வேண்டும். தனி நட்சத்திரத்தை முன்னிறுத்துவது நிறுவனத்தின் பொதுக் கொள்கையாக மாறிக்கொண்டிருந்தது.

1968-இல் மோட்டவுனோடு கணக்குத் தீர்த்தபோது ஃப்ளாரன்ஸுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 1,39,800 டாலர். முதலிடம் பிடித்த பத்துப் பாடல்களுக்குப் பிறகு! அதோடு ஒரு நிபந்தனை: தன் விளம்பரங்களில் சுப்ரீம்ஸில் இருந்தவர் என்று அவர் குறிப்பிடக் கூடாது. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். ஏபிசி ரெக்கார்ட்ஸ் அவரை வைத்து இரண்டு சிங்கிள்கள் வெளியிட்டது. யார் பாடுகிறார் என்று சொல்ல முடியாமல் ஒரு பாடகியை எப்படி விற்பது? சிங்கிள்கள் ஓடவில்லை, ஆல்பம் கிடப்பில் போனது. கிடைத்த பணம் வழக்கறிஞர் வழியே கரைந்தது. 1971-இல் மோட்டவுன் மீது போட்ட வழக்கு தள்ளுபடியானது. வீடு கடனில் போனது. 1975-இல் அவர் அரசு உதவித்தொகையில் மூன்று குழந்தைகளோடு வாழ்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. 1976 பிப்ரவரி 22 அன்று இதயத் தமனி அடைப்பால் இறந்தார். வயது 32.

ஃப்ளாரன்ஸின் குடியும் வருகையின்மையும் உண்மை. ஒரு குழு அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு திண்டாடுவதும் உண்மை. அவரை நீக்கியது தவறா என்ற கேள்வியில் நியாயமானவர்கள் வேறுபடலாம். ஆனால் நீக்கிய பிறகு அவருடைய கடந்த காலத்தையும் பிடுங்கிக்கொண்டதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. தொழிலாளியை வேலையைவிட்டு அனுப்பலாம். இங்கே வேலை பார்த்ததையே வெளியில் சொல்லாதே என்று சொல்வது வேறு.

தட்டில் யார் பாடுகிறார்கள்?

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான். 12 முதலிடங்களில் ஹாலண்ட்–டோசியர்–ஹாலண்ட் உருவாக்கியவை பத்து. அந்தப் பத்தும் ஃப்ளாரன்ஸ், மேரி, டயானா மூவரும் குழுவில் இருந்த 1964 முதல் 1967 வசந்தம் வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. பிறகு அந்தக் கூட்டணி பணத்தகராறில் மோட்டவுனைவிட்டு விலகியது. எஞ்சியவை இரண்டு: 1968-இன் ‘லவ் சைல்ட்’, 1969-இன் ‘சம்டே வீ வில் பி டுகெதர்’.

‘லவ் சைல்ட்’ பாட்டில் டயானாவின் பின்னால் கேட்பது ஆண்டன்டிஸின் குரல்கள். மேரியும் சிண்டியும் அதில் இல்லை. ‘சம்டே’ பாட்டில் கோரஸ் பாடியவர்கள் மாக்சின் வாட்டர்ஸ், ஜூலியா வாட்டர்ஸ் சகோதரிகள். இடையில் வரும் ஆண்குரல் தயாரிப்பாளர் ஜானி பிரிஸ்டலுடையது. டயானாவின் தனிப்பாட்டாக வரவிருந்ததைக் கோர்டி குழுவின் பெயரில் வெளியிட்டார். 1969 டிசம்பரில், அந்தப் பத்தாண்டின் கடைசி முதலிடப் பாட்டாக அது அமைந்தது. மூன்று தோழிகளின் பிரியாவிடை என்று உலகம் கண்கலங்கிக் கேட்ட பாட்டில் ஒரே ஒரு சுப்ரீம்தான் பாடியிருக்கிறார்.

அப்படியானால் ‘அசல் சுப்ரீம்ஸ்’ எது என்ற கேள்விக்கு ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஆட்டம் காண்கிறது. டயானா இருந்தால் அசல், இல்லாவிட்டால் நகல் என்றால், குழுவில் யாருமே பாடாத கோரஸை அசல் என்கிறோம். மூவருமே சேர்ந்து பாடியதை நகல் என்கிறோம். ஏனென்றால் 1970-க்குப் பிறகு மேரியின் குரலும் சிண்டியின் குரலும் மறுபடி தட்டில் ஏறின.

ஜீன் டெரல் காலம்

ஜீன், முகமது அலியோடு 1967-இல் மோதிய குத்துச்சண்டை வீரர் எர்னி டெரலின் தங்கை. அண்ணனோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தவரைக் கோர்டி மயாமியில் கேட்டார். டயானாவைப் பின்பற்றாத குரல் அது. மென்மை உண்டு, அடியில் தேவாலயத்தின் உறுதியும் உண்டு. வரியின் முடிவில் சுருதியைச் சற்று வளைத்து மேலே தூக்கும் பழக்கம் உண்டு. தயாரிப்பாளர் ஃபிராங்க் வில்சன் அந்தக் குரலுக்கு ஏற்ற இசையைக் கட்டினார்.

முதல் சிங்கிள் ‘அப் தி லேடர் டு தி ரூஃப்’ அமெரிக்காவில் 10-ஆம் இடம். அதே ஆண்டின் இறுதியில் ‘ஸ்டோன்டு லவ்’: பாப் பட்டியலில் 7, ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம். கென்னி தாமஸ் என்ற டெட்ராய்ட் பையன், பதின்ம வயதில், அதை எழுதுவதில் பங்கெடுத்தான். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் மக்களை ஒன்றாக நிற்கச் சொன்ன பாட்டு. மெதுவான முன்னுரையோடு தொடங்கி, தாளம் விழுந்ததும் பெருக்கெடுத்து ஓடும். சுப்ரீம்ஸ் பெயரில் வந்த எல்லாவற்றிலும் எனக்கு இதுதான் முதல் பாட்டு. 1964-இன் பாட்டுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1971-இன் ‘நேதன் ஜோன்ஸ்’ பாட்டைக் கேட்டால் ஆள் மாற்றம் ஒரு குழுவுக்கு என்ன கொடுக்க முடியும் என்று புரியும். அதில் முதன்மைக் குரல் என்று யாருமே இல்லை. மூவரும் ஒரே சுருதியில் சேர்ந்து முழுப் பாட்டையும் பாடுகிறார்கள். ஏழு ஆண்டுகளாக ஒருவர் முன்னால், இருவர் பின்னால் என்று வார்த்த அச்சை உடைத்த பாட்டு அது. 1972-இல் ஸ்மோக்கி ராபின்சன் தயாரித்த ‘ஃபிளாய் ஜாய்’ பாட்டில் ஜீனும் மேரியும் முதன்மைக் குரலைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பிரிட்டனில் 1970 தொடங்கி 1972-க்குள் இவர்களுடைய ஐந்து சிங்கிள்கள் முதல் பத்துக்குள் நுழைந்தன. டயானா இல்லாத குழுவை மக்கள் ஏற்கவில்லை என்று சொல்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாம்.

ஆனால் அமெரிக்காவில் வேகம் குறைந்தது. டயானாவின் தனி வாழ்க்கையிலும் அவருடைய சினிமாவிலும் கோர்டியின் கவனம் போனது. 1972-இல் மோட்டவுனே லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. சிண்டி தாயாகப்போகிறார் என்பதால் விலகினார். ஸ்டீவி வொண்டரின் கோரஸ் குழுவில் இருந்த லிண்டா லாரன்ஸ் வந்தார். ஜிம்மி வெப் தயாரித்த ஆல்பம் நல்ல முயற்சி, விற்கவில்லை. 1973-இல் ஸ்டீவி வொண்டரே ‘பேட் வெதர்’ தயாரித்துக் கொடுத்தார். அதுவும் பட்டியலின் அடிமட்டத்தில் நின்றது. ஜீனும் லிண்டாவும் மேரியிடம் மோட்டவுனைவிட்டு மூவருமாக வெளியேறலாம் என்றார்கள். வெளியேறினால் பெயரை எடுத்துப்போக முடியாது. மேரி தங்கினார், மற்ற இருவரும் போனார்கள். 1961-இல் ஃப்ளாரன்ஸ் எடுத்துக்கொடுத்த அந்தச் சொல்லுக்காக, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நல்ல குழு உடைந்தது.

மேரியின் குழு

அடுத்து வந்தவர் ஷெரி பெய்ன். பாடகி ஃப்ரீடா பெய்னின் தங்கை. சிண்டியும் திரும்ப வந்தார். 1975-இல் டிஸ்கோ பட்டியலில் ‘ஹி இஸ் மை மேன்’ முதலிடம் பிடித்தது. 1976-இல் சிண்டி மறுபடி விலக, சூசே கிரீன் சேர்ந்தார். அவரும் ஸ்டீவி வொண்டரின் குழுவிலிருந்து வந்தவர்தான். அந்த ஆண்டு ஹாலண்ட் சகோதரர்கள் திரும்பி வந்து தயாரித்த ஒரு சிங்கிள் சரியாக 40-ஆம் இடத்தைத் தொட்டது. அதுவே பாப் பட்டியலின் முதல் நாற்பதுக்குள் அவர்களுடைய கடைசி நுழைவு. ‘மேரி, ஷெரி அண்ட் சூசே’ என்ற கடைசி ஆல்பத்தில் ஷெரி, சூசே இருவருடைய குரல்வளமும் வியக்கவைக்கும். சூசேவுக்கு எட்டிய உச்சஸ்தாயி இந்தக் குழுவில் வேறு யாருக்கும் எட்டியதில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனதுதான் வருத்தம்.

1977 ஜூன் 12, லண்டன் டிரூரி லேன் தியேட்டர். மேரி விடைபெற்ற கச்சேரி. 1959-இல் தொடங்கி இடைவெளியே இல்லாமல் குழுவில் இருந்தது அவர் ஒருவர்தான். ஷெரியும் சூசேவும் மூன்றாவது ஆளைச் சேர்த்துக்கொண்டு தொடர விரும்பினார்கள். மேரி இல்லாத சுப்ரீம்ஸ் வேண்டாம் என்று மோட்டவுன் குழுவைக் கலைத்தது. பெயருக்கான உரிமையைக் கேட்டு மேரி மோட்டவுனோடு வழக்காடினார். பல ஆண்டுகள் ‘சுப்ரீம்ஸ் குழுவின் மேரி வில்சன்’ என்ற அடைமொழியோடு மேடையேறினார். 1986-இல் ஜீன், ஷெரி, சிண்டி மூவரும் சேர்ந்து ‘ஃபார்மர் லேடீஸ் ஆஃப் தி சுப்ரீம்ஸ்’ தொடங்கினார்கள். பிறகு சிண்டியின் இடத்தில் லிண்டா வந்தார். தாங்கள் யார் என்று சொல்வதற்கே ‘முன்னாள்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டியிருந்தது.

மறு இணைப்புகள் சோகமாகவே முடிந்தன. 1983-இல் மோட்டவுனின் 25-ஆம் ஆண்டு விழாவில் டயானா, மேரி, சிண்டி ஒரே மேடையில் சில நிமிடங்கள் நின்றார்கள்; டயானா மேரியைத் தள்ளியதுதான் செய்தியானது. 2000-இல் ‘ரிட்டர்ன் டு லவ்’ என்ற சுற்றுப்பயணம் அறிவிக்கப்பட்டது. சம்பளப் பேச்சு முறிந்து மேரி மறுத்தார், சிண்டியும் சேரவில்லை. டயானாவோடு ஷெரியும் லிண்டாவும் போனார்கள். அந்த இருவரும் டயானாவோடு அக்குழுவில் ஒருநாளும் பாடியதில்லை. லிண்டா போன பிறகுதான் ஷெரியே வந்தார். டிக்கெட் விற்கவில்லை, சில ஊர்களோடு பயணம் நின்றது. ஆனால் ‘அவர்கள் போலி’ என்று ஷெரியையும் லிண்டாவையும் அன்று பத்திரிகைகள் ஏளனம் செய்தது அநியாயம். இருவரும் முறைப்படி சுப்ரீம்ஸில் இருந்தவர்கள், அந்தப் பாட்டுகளை அப்போது பல ஆண்டுகளாகச் சேர்ந்து மேடையில் பாடிக்கொண்டிருந்தவர்கள்.

பெயர்களுக்கு ஒரு சட்டம்

பெயர் கையைவிட்டுப் போவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மார்வெலெட்ஸ் கதை உதாரணம். மிச்சிகன் மாநிலம் இங்க்ஸ்டர் ஊரின் பள்ளிக்கூடத் தோழிகள். 1961-இல் மோட்டவுனுக்கு முதல் பாப் முதலிடத்தைப் பெற்றுக்கொடுத்தவர்கள். குழு கலைந்த பிறகு அந்தப் பெயரை ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் வாங்கிக்கொண்டு, தொடர்பே இல்லாத இளம் பெண்களை அந்தப் பெயரில் மேடையேற்றினார். அசல் பாடகிகளுக்குத் தங்கள் பெயரில் பாட வழியில்லை. டிரிஃப்டர்ஸ், பிளாட்டர்ஸ், கோஸ்டர்ஸ் என்று ஐம்பதுகளின் குழுக்கள் பலவற்றுக்கும் இதே கதி.

மேரி வில்சன் இதற்கு எதிராக மாநிலம் மாநிலமாகப் போனார். ‘ஷா நா நா’ குழுவின் ஜான் பாமனும் அவரும் சட்டமன்றக் குழுக்களின் முன் பேசினார்கள். 2005-இல் பென்சில்வேனியா, 2007-இல் நியூ ஜெர்சி என்று ஆரம்பித்து முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ‘ட்ரூத் இன் மியூசிக்’ சட்டத்தை ஏற்றன. அதன் சாரம் எளிது: ஒரு குழுவின் பெயரில் மேடையேற வேண்டுமானால் அதன் பதிவுகளில் பாடியவர் ஒருவராவது சட்டப்படியான உரிமையோடு மேடையில் இருக்க வேண்டும், அல்லது பதிவுசெய்த வணிகக்குறிக்கு உரிமையாளராக இருக்க வேண்டும், அல்லது இது அசல் குழுவுக்கு மரியாதையாகப் பிறர் நடத்தும் ‘ட்ரிப்யூட்’ நிகழ்ச்சி என்று விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். ஓட்டை எங்கே என்று பார்த்தவுடன் தெரியும். வணிகக்குறி நிறுவனத்திடம் இருந்தால் சட்டம் நிறுவனத்தையே காக்கும். போலிக் குழுவைத் தடுக்கும் சட்டம் இது; 1961-இல் கையெழுத்திட்ட பெண்ணுக்குப் பெயரைத் திருப்பித் தரும் சட்டம் அல்ல. அது தெரிந்தும் மேரி அதற்காக உழைத்தார். 1972-க்கு முந்தைய பதிவுகளுக்கு டிஜிட்டல் ராயல்டி கிடைக்கச்செய்த 2018-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகவும் அவர் வாஷிங்டனில் குரல் கொடுத்தார். குழுவின் மேடை உடைகளைத் தேடிச் சேர்த்துப் பாதுகாத்தவரும் அவரே. 2008-இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. 2021 பிப்ரவரி 8 அன்று, 76 வயதில் மறைந்தார்.

எஞ்சியிருக்கும் கணக்கு

இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1988-இல் சுப்ரீம்ஸைச் சேர்த்துக்கொண்டது. பட்டியலில் மூன்று பெயர்கள்: ஃப்ளாரன்ஸ் பாலார்ட், டயானா ராஸ், மேரி வில்சன். விழாவுக்கு டயானா வரவில்லை. அடுத்த ஆண்டு அண்ணன் குழுவான டெம்டேஷன்ஸின் முறை. அங்கே ஆறு பெயர்கள். 1968-இல் டேவிட் ரஃபினை நீக்கிவிட்டு அவர் இடத்தில் எடுத்த டென்னிஸ் எட்வர்ட்ஸும் அதில் உண்டு. அவருக்குக் கிடைத்தது நியாயமான மரியாதை. எழுபதுகளின் டெம்டேஷன்ஸ் அவர் குரலால்தான் நின்றது. டெம்டேஷன்ஸில் இதுவரை இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாறி மாறிப் பாடியிருக்கிறார்கள். தொடக்க உறுப்பினர்களில் ஒருவரான ஓட்டிஸ் வில்லியம்ஸ் நடத்தும்வரை அது டெம்டேஷன்ஸ்தான் என்று எல்லோரும் ஏற்கிறார்கள்.

அதே நிறுவனம், அதே நகரம், ஒன்றாகத் தொடங்கிய இரண்டு குழுக்கள். 1968-இல் வந்த டென்னிஸ் எட்வர்ட்ஸுக்கு ஓர் அளவுகோல் என்றால், 1967-இல் வந்து ஐந்தாண்டு ஒரு கட்டமும் பிறகு இரண்டாண்டுக்கு மேல் இன்னொரு கட்டமும் பாடிய சிண்டி பேர்ட்சாங்குக்கு ஏன் வேறு அளவுகோல்? ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் குழுவுக்குக் கடைசி முதலிடத்தைப் பாடிக்கொடுத்த ஜீன் டெரலை ஏன் எண்ணவில்லை? லிண்டா, ஷெரி, சூசே பற்றி வாதம் இருக்கலாம், அதைப் பேசித் தீர்க்கலாம். சிண்டியையும் ஜீனையும் விட்டதற்கு வாதமே கிடையாது. அந்தப் பட்டியலைத் திருத்துவது ஹால் ஆஃப் ஃபேமின் கையில் இருக்கிறது. டயானா ராஸின் சாதனையில் அதனால் ஒரு துளியும் குறையாது.